கட்டற்ற வரைகலை இயக்கிகள்

கணினித் திரையில் படம் வரையும் வன்பொருளுக்கும் இயக்குதளத்துக்கும் இடையே நின்று பணியாற்றும் மென்பொருள் வரைகலை இயக்கி எனப்படும். அவற்றுள் மூலநிரல் எவருக்கும் கிடைக்கும்படியும், அதனைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமம் தரும்படியும் வெளியிடப்பட்டவை கட்டற்ற வரைகலை இயக்கிகள். லினக்ஸ் இயக்குதளத்தில் முப்பரிமாண விளையாட்டுகளை ஆட உதவும் இத்தகைய இயக்கிகள் இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா ஆகிய மூன்று நிறுவனங்களின் வன்பொருளுக்கும் இன்று உள்ளன என்றாலும், அவை பிறந்த விதமும் வளர்ந்த வேகமும் ஒன்றல்ல. முதலாவதை நிறுவனமே முன்வந்து எழுதியது. இரண்டாவது, நிறுவனம் ஆவணங்களைத் திறந்துவிட்டபின் அதன் பொறியாளர்களும் வெளியாரும் சேர்ந்து வளர்த்தது. மூன்றாவதை, நிறுவனம் எதையும் சொல்லாத நிலையில், வெளியார் ஆராய்ந்து கண்டறிந்து எழுதினர். விலை கொடுத்து வாங்கிய கருவி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதில் சில்லின் வலிமைக்கு உள்ள பங்குக்குக் குறையாத பங்கு இயக்கியின் உரிமத்துக்கும் உண்டு என்பதை இம்மூன்று வரலாறுகளும் காட்டுகின்றன. இந்தியாவில் இந்த உரிமைக் கேள்வியைப் பொதுக்கல்வியோடு சேர்த்துப் பெரிய அளவில் எதிர்கொண்ட இடங்களுள் கேரளத் தலைநகரான திருவனந்தபுரம் முதன்மையானது.

இயக்கியின் பணியும் அமைப்பும்

மையச் செயலி ஒரு நேரத்தில் சில வேலைகளை மட்டுமே எடுத்துக்கொண்டு அவற்றை மிக விரைவாக முடிக்கும். வரைகலைச் செயலியோ நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அமைந்த சிறு கணக்கீட்டு அலகுகளைக் கொண்டு திரையின் புள்ளிகள் பலவற்றை ஒரே வேளையில் கணித்து நிறமிடும். இச்செயலியின் உள்கட்டளை மொழி நிறுவனத்துக்கு நிறுவனமும் தலைமுறைக்குத் தலைமுறையும் மாறுவதால், விளையாட்டை எழுதுவோர் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியே நிரல் எழுத இயலாது. ஆகவே அவர்கள் ஓப்பன்ஜிஎல், வல்கன், டைரக்ட்எக்ஸ் போன்ற பொது இடைமுகம் ஒன்றில் எழுதுகிறார்கள். அந்தப் பொதுக் கட்டளைகளைக் குறிப்பிட்ட சில்லின் மொழிக்குப் பெயர்த்துத் தருவது இயக்கியின் பொறுப்பாகிறது.

லினக்ஸில் இந்தப் பொறுப்பு இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளது. இயக்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள் அமைந்த பகுதி, திரையின் அளவையும் புதுப்பிப்பு வேகத்தையும் நிறுவுவது, நினைவகத்தைப் பங்கிடுவது, பல நிரல்கள் ஒரே சில்லைக் கேட்கும்போது முறை வைத்து வழங்குவது ஆகியவற்றைக் கவனிக்கிறது. கெர்னலுக்கு வெளியே பயனர் தளத்தில் அமைந்த பகுதி, விளையாட்டின் கட்டளைகளை ஏற்றுப் பெயர்க்கிறது. இப்பகுதிகளைத் தொகுத்து வளர்க்கும் திட்டமே மேசா. விளையாட்டில் ஒளியையும் நிழலையும் பரப்பின் தன்மையையும் கணிக்கும் சிறு நிரல்கள் ஷேடர் எனப்படும். அவை விளையாட்டு ஓடும்போதே சில்லின் மொழிக்கு மாற்றப்படுவதால், மாற்றித் தரும் கம்பைலர் தாமதித்தால் காட்சி திக்கித் திக்கி நகரும். அது தரமற்ற கட்டளைகளை உருவாக்கினால் வலிமையான சில்லும் மெதுவாக உழைக்கும். இயக்கிகளின் ஒப்பீட்டில் கம்பைலருக்குத் தனி இடம் கிடைப்பது இதனால்தான்.

தொடக்கக் காலம்

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் சாளரங்களை வரையும் எக்ஸ் சாளர முறைமை 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் தோன்றியது. அதன் பதினொன்றாம் பதிப்பு 1987-இல் வெளியாகிப் பல்லாண்டுகள் நிலைத்தது. 1990களின் தொடக்கத்தில் எழுந்த எக்ஸ்ஃப்ரீ86 திட்டம் அதனைச் சாதாரண மேசைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து இயக்கிகள் கோடுகளையும் கட்டங்களையும் எழுத்துகளையும் வரைவதோடு நின்றன. முப்பரிமாணக் காட்சிக்கான ஓப்பன்ஜிஎல் இடைமுகத்தைச் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் 1992-இல் வெளியிட்டபோது, அதனை இயக்க விலையுயர்ந்த பணிநிலையக் கணினிகள் தேவைப்பட்டன. பிரையன் பால் என்ற நிரலாளர் 1993-இல் அதே இடைமுகத்தைத் தம் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கி, 1995 பிப்ரவரியில் மேசா என்ற பெயரில் எல்லார்க்கும் வழங்கினார். தொடக்கத்தில் எல்லாக் கணக்கையும் மையச் செயலியே செய்ததால் மேசா மெதுவாக இயங்கியது. எனினும் இன்றைய கட்டற்ற இயக்கிகள் அனைத்துக்கும் அதுவே வேர்.

3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ வரைகலை அட்டைகள் 1990களின் பிற்பகுதியில் வந்தபோது மேசா முதன்முதலாக வன்பொருள் முடுக்கத்தைப் பெற்றது. குவேக் போன்ற விளையாட்டுகளை லினக்ஸில் ஆட விரும்பியோரின் ஆர்வமே அதற்குத் தூண்டுகோல். அவ்விளையாட்டை உருவாக்கிய ஜான் கார்மக், 1999-இல் மேட்ராக்ஸ் அட்டைகளுக்கான கட்டற்ற இயக்கியை எழுதுவதில் தாமே பங்கேற்றார். அதே காலத்தில் பிரிசிஷன் இன்சைட் என்ற நிறுவனம், நிரல்கள் எக்ஸ் முறைமையின் வழியே சுற்றிச் செல்லாமல் கெர்னலின் காவலில் வரைகலைச் செயலியை நேராக அணுகும் கட்டமைப்பை வடிவமைத்தது. டி.ஆர்.ஐ. எனப்படும் அக்கட்டமைப்பு 2000-இல் எக்ஸ்ஃப்ரீ86-இன் நான்காம் பதிப்போடு வெளிவந்தது. கெர்னலிலும் பயனர் தளத்திலுமாக இயக்கியை இரண்டாகப் பகுக்கும் முறை அதிலிருந்தே நிலைபெற்றது.

அச்சுப்பொறியும் திருவனந்தபுரமும்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கக் கதையே ஓர் இயக்கியைப் பற்றியது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் பயனர்களுக்குச் செய்தி அனுப்பும்படி முந்தைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி வைத்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய முயன்றபோது அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. ஆய்வகத்துக்குச் சொந்தமான பொறியின் சிறு குறையை அங்குள்ளோர் தாமே தீர்க்க முடியாமற்போன அந்த நிலை, 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவிப்பதற்கும் 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவுவதற்கும் காரணமானவற்றுள் ஒன்று.

அந்த அறக்கட்டளையின் இந்தியத் தோழமை அமைப்பை ஸ்டால்மன் 2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-இலேயே அந்நகரில் தோன்றியிருந்தது. கல்வியாளர்களும் பொறியாளர்களும் அறிவியல் பரப்புவோரும் நெருங்கிப் பழகிய அச்சூழலில், மென்பொருள் உரிமை பற்றிய விவாதம் தொழில் வட்டத்தைக் கடந்து பொது விவாதமாயிற்று. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டிக் கேரள அரசு தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் இந்த விவாதத்துக்குக் களமானது. பள்ளிக் கணினிக் கல்வி ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்திருக்கக் கூடாது என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் வற்புறுத்தினர். பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட அத்திட்டம் பள்ளிகளுக்கெனத் தனி குனு/லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வும் முழுவதுமாகக் கட்டற்ற மென்பொருளில் நடைபெறலாயிற்று. மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் இதற்கு அரண் செய்தது. தமிழ்நாட்டு அரசு நிறுவனமான எல்காட் அரசுக் கணினிகளில் லினக்ஸைப் புகுத்த முயன்றதும், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 'பாஸ்' என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியதும் ஏறத்தாழ இதே காலத்தவை.

ஆயிரக்கணக்கான பள்ளிகளில் ஒரே இயக்குதளத்தை நிறுவும்போது எழும் முதல் நடைமுறைக் கேள்வி, திரை ஒளிர்கிறதா என்பது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஒப்பந்தங்களில் வாங்கப்பட்ட கணினிகள் ஒரே குறுவட்டிலிருந்து தடையின்றித் தொடங்க வேண்டுமானால், அவற்றின் வரைகலை இயக்கிகள் இயக்குதளத்தோடு சேர்த்தே வழங்கத்தக்க உரிமத்தில் இருக்க வேண்டும். கொள்கை அளவில் உரிமை என்று பேசப்பட்டது, பள்ளி ஆய்வகத்தில் அன்றாடத் தேவையாக உருவெடுத்தது.

இன்டெல்: நிறுவனமே எழுதிய இயக்கி

இன்டெல் நிறுவனம் தன் வரைகலைச் சில்லுகளைத் தனி அட்டையாக அல்லாமல் தாய்ப்பலகையோடும், பின்னர் மையச் செயலியோடும் சேர்த்தே விற்றுவந்தது. சில்லுக்கெனத் தனி விலை இல்லாததால் இயக்கியை மறைத்து வைப்பதில் அதற்குப் பெரிய ஆதாயமும் இருக்கவில்லை. 2006-இல் 965 வகைச் சில்லுகளுக்கான இயக்கியை நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்டது. எக்ஸ் முறைமையின் மூத்த பொறியாளரான கீத் பேக்கார்ட் அதே ஆண்டில் அங்கு பணியில் சேர்ந்தார். கெர்னலே வரைகலை நினைவகத்தை ஆளும் ஜெம் என்ற ஏற்பாடு 2008 இறுதியிலும், திரையின் அளவைக் கெர்னலே நிறுவும் முறை 2009-இலும் முதன்முதலாக இன்டெல் இயக்கியின் வழியே லினக்ஸில் இடம்பெற்றன. இவ்விரண்டும் பின்னர் ஏனைய இயக்கிகளுக்கும் பொதுச் சொத்தாயின.

திறந்த இயக்கியின் பயனுக்கு 2011-இல் வந்த இன்டெல் எச்.டி. 3000 சில்லு தெளிவான சான்று. விண்டோஸில் நிறுவனத்தின் இயக்கி அதற்கு ஓப்பன்ஜிஎல் 3.1 வரை மட்டுமே தந்தது. லினக்ஸில் மேசாவின் இயக்கி சில ஆண்டுகளில் 3.3 வரை உயர்த்தியது. 2019-இல் வெளிவந்த பிளெண்டர் 2.80 என்ற முப்பரிமாண உருவாக்க மென்பொருள் குறைந்தது ஓப்பன்ஜிஎல் 3.3-ஐக் கேட்டபோது, அந்தத் தேவையை அதே சில்லு விண்டோஸில் நிறைவு செய்ய முடியாமலும் லினக்ஸில் நிறைவு செய்தும் நின்றது. சில்லில் இருந்த திறன் ஒன்றுதான். விற்பனை முடிந்த பொருளுக்காக மேலும் உழைக்க எவருக்கு வழி திறந்திருந்தது என்பதே வேறுபாடு.

இதற்கு நேர்மாறான பாடமும் அதே நிறுவனத்திலிருந்தே கிடைத்தது. 2008 முதல் சிறு மடிக்கணினிகளில் இடம்பெற்ற ஜி.எம்.ஏ. 500 என்ற சில்லின் வரைகலைப் பகுதி, வேறொரு நிறுவனத்தின் பவர்விஆர் என்ற வடிவமைப்பு. அதன் இயக்கி மூடப்பட்டதாக இருந்ததால் புதிய கெர்னல்களோடு அது ஒத்துப்போகவில்லை. பின்னர் எழுதப்பட்ட கட்டற்ற கெர்னல் இயக்கி திரையை ஒளிரச் செய்ததே தவிர, முப்பரிமாண முடுக்கத்தைத் தர முடியவில்லை.

ஏ.எம்.டி.: ஆவணங்கள் திறந்த வழி

ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் அட்டைகளுக்குத் தொடக்கத்தில் அரைகுறையான திறந்த இயக்கிகளே இருந்தன. ஆர்200 வகைக்கான இயக்கியை 2002-இல் டங்ஸ்டன் கிராபிக்ஸ் நிறுவனம் எழுதியபோது, அதற்குப் பணம் தந்தது தன் திரைப் படங்களுக்காக அவ்வட்டைகளைப் பயன்படுத்திய அமெரிக்க வானிலைத் தொலைக்காட்சி ஒன்று. அடுத்த தலைமுறைக்கு ஆவணங்கள் கிடைக்காததால், இயங்கும் மூடிய இயக்கி சில்லுக்கு அனுப்பும் கட்டளைகளைக் கவனித்து அதன் மொழியை ஊகித்தறியும் எதிர்ப்பொறியியல் முறை கையாளப்பட்டது. ஏ.டி.ஐ.யை 2006-இல் வாங்கிய ஏ.எம்.டி., 2007 செப்டம்பரில் போக்கை மாற்றிச் சில்லுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடவும் திறந்த இயக்கிக்கு உதவவும் முன்வந்தது.

மூடிய இயக்கியை நம்பியோர் எதிர்கொண்ட இடர் விரைவிலேயே வெளிப்பட்டது. 2009-இல் நிறுவனத்தின் மூடிய இயக்கி ஆர்300 முதல் ஆர்500 வரையான அட்டைகளைக் கைவிட்டது. 2012-இல் அடுத்த சில தலைமுறைகளும் அதே நிலைக்குத் தள்ளப்பட்டன. திறந்த இயக்கியில் அவ்வட்டைகள் தொடர்ந்து உழைத்தன. ஆர்300 இயக்கி இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் மேசாவில் திருத்தங்கள் பெற்றுவருகிறது.

புதிய சில்லுகளுக்கான ஏஎம்டிஜிபியு என்ற கெர்னல் இயக்கி 2015-இல் லினக்ஸ் 4.2-இல் சேர்ந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் வல்கன் இடைமுகம் வெளியானது. தன் வல்கன் இயக்கியைத் திறப்பதாக ஏ.எம்.டி. சொல்லியிருந்தும் காலம் கடந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில் டேவ் ஏர்லியும் பாஸ் நியூவன்ஹைசனும் நிறுவனத்தைக் காத்திராமல் எழுதிய ராட்வி இயக்கி 2016 இறுதியில் மேசாவில் இடம்பெற்றது. நிறுவனம் தன் ஏஎம்டிவிஎல்கே இயக்கியை 2017 டிசம்பரில் திறந்தபோது ராட்வி ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. விளையாட்டு விற்பனை நிறுவனமான வால்வ் 2019-இல் வழங்கிய ஏ.சி.ஓ. என்ற கம்பைலர் ஷேடர்களை மிக விரைவாக மாற்றித் தந்ததோடு சிறந்த கட்டளைகளையும் உருவாக்கியது. 2020-இல் அது ராட்வியின் இயல்பான கம்பைலராயிற்று. இறுதியில் 2025-இல் ஏ.எம்.டி. தன் இயக்கியை நிறுத்திவிட்டு, வெளியார் தொடங்கிய ராட்வியையே தன் ஆதரவுக்குரியதாக ஏற்றது.

என்விடியா: பூட்டிய கதவு

என்விடியா நிறுவனம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல் லினக்ஸுக்கு விரைவான மூடிய இயக்கியை வழங்கிவந்தது. கட்டற்ற இயக்கிக்கான ஆவணங்களைத் தரவில்லை. 2000களின் நடுப்பகுதியில் ஸ்டெஃபான் மார்ஷசன் தொடங்கிய நூவோ திட்டம் முழுக்க எதிர்ப்பொறியியலால் வளர்ந்தது; 'புதிய' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லே அதன் பெயர். பல்லாயிரம் பதிவகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துச் சில்லின் நடத்தையைக் குறித்துவைத்த அந்தத் தன்னார்வலர்களின் பொறுமை, இயக்கிகளின் வரலாற்றில் தனித்துப் போற்றத்தக்கது. 2010-இல் லினக்ஸ் 2.6.33-இல் நூவோ சேர்க்கப்பட்டது.

ஆனால் 2014-இல் வந்த ஜிஃபோர்ஸ் 900 வரிசை முதல், சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற உள்நிரல் நிறுவனத்தின் மின்கையொப்பத்தோடு மட்டுமே இயங்கும்படி பூட்டப்பட்டது. சில்லின் கடிகார வேகத்தை உயர்த்தும் அதிகாரம் அந்த உள்நிரலிடம் இருந்ததால், நூவோவின் கையில் அவ்வட்டைகள் தொடக்க வேகத்திலேயே முடங்கின. அட்டையை வாங்கியவருக்கு அதன் முழு வேகத்தைப் பெறும் திறவுகோல் கட்டற்ற வழியில் கிட்டவில்லை.

2018-இன் டூரிங் தலைமுறையிலிருந்து இந்த நிலை இளகியது. அச்சில்லுகளில் அமைந்த ஜி.எஸ்.பி. என்ற துணைச்செயலி, கடிகார வேகம், மின்சாரம் முதலியவற்றைத் தானே ஆள்கிறது. 2022 மே மாதத்தில் நிறுவனம் இத்தலைமுறை முதலான சில்லுகளுக்கான கெர்னல் பகுதியைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபெயித் எக்ஸ்ட்ராண்ட், கரோல் ஹெர்ப்ஸ்ட், டேவ் ஏர்லி ஆகியோரின் முயற்சியில் என்.வி.கே. என்ற வல்கன் இயக்கி அறிவிக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில் லினக்ஸ் 6.7-இல் நூவோ ஜி.எஸ்.பி.யைப் பயன்படுத்தத் தொடங்கியதும், அதே ஆண்டில் மேசா 24.1 என்.வி.கே.யைப் பொதுப் பயன்பாட்டுக்கு உரியதாக ஏற்றது. ரஸ்ட் மொழியில் எழுதப்படும் நோவா என்ற புதிய கெர்னல் இயக்கியின் முதற்பகுதி 2025-இல் லினக்ஸ் 6.15-இல் சேர்ந்தது. இடைப்பட்ட 900, 1000 வரிசை அட்டைகளுக்கு இந்த விடுதலை கிடைக்கவில்லை. நிறுவனத்தின் மூடிய இயக்கியில் 580-ஆம் கிளையே அவற்றை ஆதரிக்கும் கடைசிக் கிளை என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கட்டற்ற இயக்கியோ பூட்டிய உள்நிரலால் வேகம் பெற முடியாமல் நிற்கிறது.

விளையாட்டுகளின் வருகை

நீண்ட காலம் லினக்ஸில் பெரிய விளையாட்டுகள் குறைவு. ஆகவே இயக்கிகளின் குறைகளைச் சோதித்தறியும் வாய்ப்பும் குறைவு. வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் விற்பனைத் தளத்தை 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு வெளியிட்டபின் நிலை மாறியது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டம் 1993 முதலே இருந்தபோதும், டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றுவதில் வேகம் மிகவும் குறைந்தது. 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பிய பிலிப் ரெபோலே, டைரக்ட்எக்ஸ் 11-ஐ வல்கனுக்கு மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. என்ற அடுக்கை எழுதினார். வால்வ் அதனை வைனோடு இணைத்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் வழங்கியது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் மாற்றமின்றி லினக்ஸில் ஓடலாயின. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கணினி ஏ.எம்.டி. சில்லோடும் ராட்வி இயக்கியோடும் வெளியானது. விற்பனைக்கு வந்த அந்தப் பொருளில் கட்டற்ற இயக்கி இன்றியமையாத உறுப்பாயிற்று.

மூன்று இயக்கிகளின் ஒப்பீடு

விளையாட்டுக்கென நோக்கினால் ராட்வி முதலிடம் பெறுகிறது. பல விளையாட்டுகளில் அது விண்டோஸ் இயக்கிக்கு இணையாகவும் சிலவற்றில் மேலாகவும் இயங்குகிறது. ஒளிக்கதிர்களைத் தடம்பற்றிக் கணிக்கும் காட்சிகளில் நெடுநாள் பின்தங்கியிருந்த அது, அண்மை ஆண்டுகளில் அக்குறையையும் பெருமளவு குறைத்துள்ளது. ஏஎம்டிஜிபியு கெர்னலிலும் ராட்வி மேசாவிலும் நேராக இடம்பெற்றிருப்பதால், பயனர் தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இன்டெலின் ஏ.என்.வி. என்ற வல்கன் இயக்கி 2016-இல் வல்கன் வெளியான நாளிலேயே வந்தது. ஓப்பன்ஜிஎல்லுக்கான ஐரிஸ் இயக்கி 2020-இல் பழைய ஐ965 இயக்கியின் இடத்தைப் பிடித்தது. நிலைப்புத் தன்மையில் இவை நற்பெயர் பெற்றவை. ஆனால் செயலியோடு இணைந்த சில்லுகளின் வலிமை வரம்புக்குட்பட்டது. 2022-இல் வந்த ஆர்க் தனி அட்டைகளில், நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டும் தேவைக்கேற்பப் பிணைக்கும் வசதி தொடக்கத்தில் இல்லாததால் டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகள் சில ஓடவில்லை. 2024-ஐ ஒட்டியே அது தீர்ந்தது.

என்.வி.கே. மூன்றிலும் இளையது. டூரிங் முதலான அட்டைகளில் புரோட்டான் விளையாட்டுகளை ஓட்டும் அளவுக்கு அது முதிர்ந்திருந்தாலும், வேகத்தில் நிறுவனத்தின் மூடிய இயக்கியை இன்னும் எட்டவில்லை. ஓப்பன்ஜிஎல்லை வல்கன் மேல் ஓட்டும் சிங்க் என்ற அடுக்கை அது பயன்படுத்திக்கொள்வதால், ஒரே இயக்கியைச் செம்மை செய்தால் இரண்டு இடைமுகங்களும் பயன்பெறுகின்றன. மேசாவில் ஷேடர்களைச் செப்பமிடும் பொதுப்பகுதிகள் மூன்று இயக்கிகளுக்கும் உரியவை. இன்டெல் பொறியாளர் செய்த திருத்தம் ஏ.எம்.டி. அட்டைக்கும், வால்வ் செய்த திருத்தம் என்விடியா அட்டைக்கும் போய்ச்சேர்கிறது. சந்தையில் போட்டியிடும் நிறுவனங்களின் உழைப்பு ஒரே களஞ்சியத்தில் குவிவது திறந்த உரிமத்தால் மட்டுமே கைகூடியது.

கேரளப் பள்ளிகளில் விளைந்த பயன்

'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளுக்குரிய 45,000 வகுப்பறைகள் மடிக்கணினியும் படவீழ்த்தியும் பெற்றன. உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் 18.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டு கைட் உருவாக்கிய தொகுப்பு 2019-இல் வந்தபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அது நிறுவப்படும் என்றும், உரிமக் கட்டணத்தில் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அரசுத் தரப்பு கணித்தது. பின்னர் உபுண்டு 22.04-ஐ ஒட்டிய தொகுப்பும் வெளியானது.

தொடக்க வகுப்புகளுக்கான கணினிப் பாடநூலின் பெயரே 'களிப்பெட்டி'. மலையாளத்தில் 'களி' என்றால் விளையாட்டு. சிறார் கணினியை விளையாட்டின் வழியே அறிமுகம் கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்பெயரில் உள்ளது. கைட்டின் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளிவருவதால், இடுக்கி, பாலக்காடு போன்ற மாவட்டங்களின் தமிழ்வழி மாணவரும் இதன் பயனைப் பெறுகின்றனர். பள்ளிகளில் ஆடப்படும் ஜிகாம்ப்ரி போன்ற கல்வி விளையாட்டுகள் பெரிய சந்தை விளையாட்டுகளோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆயினும் ஜிகாம்ப்ரியின் புதிய பதிப்பு ஓப்பன்ஜிஎல் வழியே வரைவதால், இயக்கி சரியில்லாத கணினியில் எல்லாக் கணக்கும் மையச் செயலியின் தலையில் விழுந்து படம் தயங்கும்.

இங்குதான் உலகின் வேறொரு மூலையில் பெரிய விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்ட வேலை பள்ளி மடிக்கணினியை வந்தடைகிறது. 2022-இன் மேசா 22.0 பதிப்பு ஐ965 முதலான பழைய இயக்கிகளை நீக்கியபோது, 965 வகை முதல் ஹாஸ்வெல் தலைமுறை வரையான முதிய இன்டெல் சில்லுகள் கைவிடப்படவில்லை. அவற்றுக்கென டேவ் ஏர்லி முதலானோர் எழுதிய குரோக்கஸ் என்ற புதிய இயக்கி அவ்விடத்தை ஏற்றிருந்தது. உபுண்டு 22.04 அந்த மேசா பதிப்போடுதான் வெளிவந்தது. வாங்கிப் பத்தாண்டு கழிந்த கணினி புதிய இயக்குதளத்தையும் ஏற்று ஓடுகிறதென்றால், அதன் பின்னே இத்தகைய பராமரிப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய கணினி வாங்க இயலாத அரசுப் பள்ளிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தீராத சிக்கல்கள்

இயக்கி திறந்ததாயினும் சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் மூன்று நிறுவனங்களிடமும் மூடியதாகவே இருக்கிறது. ஏ.எம்.டி. அட்டைகள் அது இன்றி முடுக்கம் பெறுவதில்லை, என்விடியாவின் ஜி.எஸ்.பி. உள்நிரலோ முன்னர் இயக்கியில் இருந்த பணிகள் பலவற்றைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. இத்தகைய உள்நிரல்களை நீக்கி வழங்கப்படும் லினக்ஸ்-லிப்ரே கெர்னலில் புதிய அட்டைகள் பெரும்பாலும் முழுமையாக இயங்குவதில்லை. காப்புரிமையும் தடையாக நின்றதுண்டு: விளையாட்டுகளில் பரவலாகப் பயன்பட்ட எஸ்3டிசி படச்சுருக்க முறை, காப்புரிமை 2017 அக்டோபரில் காலாவதியான பிறகே மேசாவில் இயல்பாக இடம்பெற்றது. எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்தைத் திறந்த இயக்கியில் நிறைவேற்ற ஏ.எம்.டி. முன்வைத்த திட்டத்தை அத்தரத்துக்குரிய அமைப்பு ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் தெரியவந்தது.

இயக்கி திறந்திருப்பதன் தேவை இனி வேறொரு திசையிலும் வளரும். திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் மையம் ரிஸ்க்-5 என்ற திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு வேகா வரிசைச் செயலிகளை வடிவமைத்துள்ளது, சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளும் அவ்வகையினவே. மூடிய இயக்கி, நிறுவனம் தேர்ந்தெடுத்த செயலிகளுக்கு மட்டுமே தொகுத்து வழங்கப்படுவது. மூலநிரல் கையில் இருந்தால் எந்தச் செயலிக்கும் அதனைத் தொகுத்துக்கொள்ளலாம். ரிஸ்க்-5 பலகைகளில் ரேடியான் அட்டைகள் ஏற்கெனவே இயங்கிக் காட்டியிருப்பது திறந்த இயக்கியால்தான். அச்சுப்பொறியின் மூலநிரலை ஓர் ஆய்வகத்துக்கு மறுத்ததிலிருந்து எழுந்த கேள்வி, சொந்தச் செயலியை வடிவமைக்கும் நாட்டுக்கும் அவ்வாறே பொருந்துகிறது. தன் கருவியைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் உரிமை அதற்கு இருக்கிறதா என்பதே அக்கேள்வி.